பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே ஒரு படம்: மொங் மக்களின் சுயாதீன சினிமா

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்தில், முன்பு மரவாடியாக இருந்த ஒரு வளாகம் 2004 முதல் மொங் மக்களின் சந்தையாக நடந்துவருகிறது. எலுமிச்சைப் புல், மிளகாய், மூலிகை, பப்பாளிக்காயைச் சீவி இடித்த சாலட் என்று மணக்கும் கடைகள். இத்தகைய சந்தைகளிலும் மொங் மளிகைக் கடைகளிலும் பல ஆண்டுகளாகப் படங்களும் விற்கப்பட்டுவந்தன. முதலில் வீடியோ கேசட், பிறகு டிவிடி. உறையில் பெரும்பாலும் பூவேலை செய்த உடையில் ஓர் இளம் பெண் இருப்பாள். பின்னால் பச்சை மலை தெரியும். காய்கறி வாங்க வந்த குடும்பம் கூடவே ஒரு படத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும்.

சுயாதீன சினிமா என்றதும் நமக்குத் திரைப்பட விழாவும் விருதும் விமர்சகரும் நினைவுக்கு வருகின்றன. மொங் சினிமாவைப் புரிந்துகொள்ள அந்தக் கற்பனையை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே சினிமா பிறந்தது வீட்டுக் கூடத்தில். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பாயிலும் சோபாவிலும் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. அந்தக் கூடத்தில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பதை வைத்தே இந்தப் படங்கள் உருவெடுத்தன. ஆகவே, படங்களைப் பற்றிப் பேசும் முன் பார்த்தவர்களைப் பற்றிப் பேசிவிடுவோம்.

மொங் மக்கள் தெற்குச் சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் மலைப்பகுதிகளில் வாழ்கிறவர்கள். சீனாவில் அரசு அவர்களை மியாவ் என்ற பெரிய இனப்பிரிவுக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் மொங் அல்லாத வேறு மக்களும் உண்டு. எந்த நாட்டிலும் அவர்கள் சிறுபான்மையே. அவர்களுடைய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறை லாவோஸில் 1950களின் தொடக்கத்தில்தான் மிஷனரிகளால் உருவாக்கப்பட்டது. 1959இல் ஷொங் லூ யாங் என்ற மொங் விவசாயி தம் மக்களுக்கென்று தனி எழுத்து ஒன்றையே படைத்தார். இருந்தாலும் மலைக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களில் பலர் எந்த எழுத்தையும் கற்காமலேயே வாழ்ந்தார்கள். ரோமன் முறையில் ஒரு வேடிக்கை உண்டு: சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்யெழுத்து ஒலிக்காது, குரல் ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று சொல்லும் தொனிக்குறியாகவே அது நிற்கும். தொனி மாறினால் பொருளே மாறிவிடும் மொழி அது. காதால் வாழும் மொழி என்று அதைச் சொல்லலாம்.

லாவோஸ் உள்நாட்டுப் போரில், 1961 முதல், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஜெனரல் வாங் பாவ் தலைமையில் மொங் ஆண்களைத் திரட்டிக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் போரிட வைத்தது. அமெரிக்க மக்களுக்கே தெரியாமல் நடந்ததால் இதற்கு 'ரகசியப் போர்' என்று பெயர். 1975 மே மாதம் லொங் சியெங் தளத்திலிருந்து வாங் பாவும் சில ஆயிரம் பேரும் விமானத்தில் வெளியேறினார்கள். மற்றவர்கள் காட்டு வழியே நடந்து, இரவில் மேகொங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. மூங்கில் கழிகளைக் கட்டிக்கொண்டு மிதந்தவர்கள் உண்டு. கரை சேராதவர்களும் ஏராளம். தப்பியவர்கள் பான் வினாய் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பிறகு அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பிரெஞ்சு கயானா என்று சிதறினார்கள். அமெரிக்காவில் மட்டும் இன்று 3 லட்சத்துக்கும் அதிகமான மொங் மக்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்களில்தான் பெரும்பகுதியினர்.

அந்த முகாம்களில் பெண்கள் துணியில் நூலால் கதை சொல்லத் தொடங்கினார்கள். 'பா ந்தாவ்' என்னும் பூவேலைத் துணி மரபில் முன்பு இருந்தவை வடிவக் கோலங்கள். முகாமில் அதிலேயே மனிதர்கள் முளைத்தார்கள்: வயலில் வேலை செய்யும் குடும்பம், மேலே விமானம், ஓடும் மக்கள், நடுவே நீலமாக ஆறு, அக்கரையில் முகாமின் வரிசைக் குடிசைகள். படிக்கத் தெரியாத ஒருவரும் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய படக்கதை. பின்னால் வந்த வீடியோ படங்களில் இதே காட்சிகள் இதே வரிசையில் வருவதைப் பார்க்கும்போது, மொங் சினிமாவின் முதல் ஸ்டோரிபோர்டு அந்தத் துணிகள்தாம் என்று எனக்குத் தோன்றும்.

குரல் முதலில் வந்தது

அமெரிக்காவில் குடியேறிய ஒரு மொங் பாட்டியை எண்ணிப் பாருங்கள். வெளியே பனி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தொலைக்காட்சியில் வருவது முழுக்க ஆங்கிலம். சப்டைட்டில் போட்டாலும் அவரால் படிக்க முடியாது. இந்தப் பாட்டிக்காகத்தான் மொங் வீடியோ தொழில் தன் முதல் வேலையைத் தொடங்கியது: டப்பிங். தாய்லாந்துப் படம், ஹாங்காங் சண்டைப் படம், இந்திப் படம், பிறகு கொரியத் தொடர் என்று எல்லாவற்றுக்கும் மொங் குரல் கொடுத்து விற்றார்கள். ஒரு சிலரே உட்கார்ந்து படத்தின் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் வளர்ந்த மொங் தலைமுறை ஒன்றுக்கு, இந்தி நாயகனும் நாயகியும் மொங் மொழியில் காதல் பேசியது சிறுவயது நினைவு. இன்றும் மொங் புத்தாண்டு விழாக்களின் நடனப் போட்டிகளில் இந்திப் பாடலுக்கு ஆடும் குழுக்களைப் பார்க்கலாம்.

டப்பிங் படம் என்றால் நாம் கொஞ்சம் குறைவாகவே எடைபோடுவோம். ஆனால் அரசு இல்லாத, தொலைக்காட்சி நிலையம் இல்லாத, அச்சு வழக்கம்கூட ஆழமாக வேரூன்றாத ஒரு மொழி, மாலை முழுவதும் ஒரு பெட்டியிலிருந்து பேசுவதைக் கேட்பது அந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்! படம் அந்நியருடையது. குரல் தங்களுடையது. அடுத்த படி படத்தையும் தங்களுடையதாக ஆக்குவது.

திரும்பிப் போக முடியாத மலை

கையடக்க வீடியோ கேமரா மலிவானபோது அந்த அடுத்த படி வந்தது. லாவோஸும் சீனாவும் மெல்லக் கதவைத் திறந்தபோது, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மொங் ஆண்கள் சிலர் கேமராவோடு ஆசியாவுக்குப் போனார்கள். கலிபோர்னியாவின் ப்ரெஸ்னோ நகரில் சு தாவ் நடத்திய எஸ்.டி. யுனிவர்சல் வீடியோ இந்த வகையில் பெயர் பெற்ற நிறுவனம். கிராமம், வயல், சந்தை, விழா, புத்தாண்டுப் பந்து விளையாட்டு, பாடும் பெண்கள் என்று படம்பிடித்துக்கொண்டு வந்து கேசட்டாக விற்றார்கள். கதை ஏதும் இருக்காது. கேமரா ஒரு மலையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியாளுக்கு அலுப்பாக இருக்கலாம். அந்த மலையில் பெற்றோரைப் புதைத்துவிட்டு வந்தவருக்கு அப்படி இருந்திருக்காது.

மொங் வீடியோக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் லூயிசா ஷைன் இவற்றைத் தாயக ஏக்கத்தோடு சேர்த்துப் படிக்கிறார். அவர் சுட்டிக்காட்டும் இன்னொன்று சங்கடமானது. இந்தப் படங்களில் தாயகம் அடிக்கடி ஓர் இளம் பெண்ணாகவே காட்சி தருகிறது. பச்சை வயல், பாரம்பரிய உடை, வெட்கம், பாட்டு. பார்ப்பவர் அமெரிக்காவில் மதிப்பிழந்து, பிள்ளைகளின் மொழிபெயர்ப்பை நம்பி வாழும் நடுவயது ஆண். டாலர் கையில் இருப்பதால் அங்கே போனால் மட்டும் அவர் பெரிய மனிதர். தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் போய் மிக இளம் பெண்களை இரண்டாம் தாரமாக மணக்கும் அமெரிக்க மொங் ஆண்களின் நடத்தை உண்மையிலேயே சமூகத்தைப் பிளந்த பிரச்சினை. கைவிடப்பட்ட மனைவிமாரும் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் மொங் பெண் செயல்பாட்டாளர்களும் அதற்கெதிராக வெளிப்படையாகப் போராடினார்கள்.

சினிமா இந்தப் பிரச்சினையில் வெறும் குற்றவாளியாக நின்றுவிடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களில் பெரும் வரவேற்புப் பெற்ற 'டாக்டர் டாம்' என்ற நகைச்சுவைப் படம், அமெரிக்காவில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாத ஒருவன் ஆசியாவுக்குப் போய்த் தன்னை டாக்டர் என்று சொல்லிப் பெண்களை ஏமாற்றும் கதை. ஒரே கூடத்தில் கணவனும் மனைவியும் மாமியாரும் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது யார் எந்த இடத்தில் சிரித்தார்கள், யார் சிரிக்காமல் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தனக்குள்ளேயே வாதிட இடம் கொடுத்தது இந்தச் சினிமா. வெளியார் தலையிடாத வாதம். சுயாதீனம் என்ற சொல்லுக்கு இங்கே நான் கொள்ளும் முதன்மைப் பொருள் இதுதான்.

கதைப் படங்கள் பெருகியபோது அவற்றின் சரக்கு பெரும்பாலும் வாய்மொழிக் கதைகளிலிருந்தே வந்தது. யாருமற்ற அநாதைப் பையன் மொங் நாட்டார் கதைகளின் நிரந்தர நாயகன். போரில் பெற்றோரை இழந்த தலைமுறை அவனைத் திரையில் உடனே அடையாளம் கண்டுகொண்டது. மாமியார் வீட்டில் துன்பப்படும் மருமகள் இன்னொரு பாத்திரம். ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் எவ்வளவு தூரத்து உறவானாலும் மணக்கக் கூடாது என்பது மொங் வழக்கம். வாங், யாங், லீ, ஷொங், மோவா என்று அமெரிக்காவில் 18 குலங்களைக் கணக்குச் சொல்வார்கள். ஆகவே காதலர்கள் சந்தித்ததும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியே ஒரு கதைமுடிச்சாகிவிடும். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு நடிகரிடம் அதிகம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நடிப்பவர் கடந்திருப்பார், இல்லையென்றால் அவருடைய அம்மா கடந்திருப்பார்.

பேய்க் கதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொங் நம்பிக்கையில் 'டா' எனப்படும் ஆவிகள் வீட்டிலும் காட்டிலும் நிறைந்திருக்கின்றன. தூங்குகிறவரின் மார்பில் ஏறி அமர்ந்து மூச்சை அமுக்கும் ஓர் ஆவியும் உண்டு. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதே அனுபவம். 1970களின் இறுதியிலும் 1980களிலும் அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்காசிய அகதிகளில், குறிப்பாக மொங் இளைஞர்களில், நோய் ஏதும் இல்லாதவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். மருத்துவர்கள் திகைத்தார்கள். இந்தச் செய்திகளைப் பத்திரிகையில் படித்தே ஹாலிவுட் இயக்குநர் வெஸ் க்ரேவன் 1984இல் கனவில் வந்து கொல்லும் கொலைகாரனின் கதையைப் படமாக்கினார். உலகமே பார்த்த அந்தப் படத்தில் அகதிகள் யாரும் இல்லை. மொங் இயக்குநர்கள் தாங்களே பேய்ப்படம் எடுக்கும்போது, சடங்கு செய்யத் தெரிந்த பெரியவர், முன்னோரின் கல்லறை, விட்டு வந்த ஊர் எல்லாம் கதைக்குள் திரும்பி வருகின்றன. அந்த ஆவி ஏன் வந்தது என்று கேட்க அங்கே ஆள் இருக்கிறார்.

காசு எங்கிருந்து வருகிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் காசே குறைவு. ஸ்டுடியோ இல்லை, விநியோகஸ்தர் இல்லை. இயக்குநரே கேமரா பிடிப்பார், படத்தொகுப்பும் செய்வார், உறவினர்கள் நடிப்பார்கள், பாடகர்கள் நாயகர்களாவார்கள். செலவு குறைவு என்பதாலும் மலை வேண்டும் என்பதாலும் வடக்குத் தாய்லாந்திலோ லாவோஸிலோ போய்ப் படம்பிடிப்பது வழக்கமானது. விற்பனைக்கு இரண்டு பெரிய வாய்ப்புகள். ஒன்று இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை ஊருக்கு ஊர் நடக்கும் மொங் புத்தாண்டு விழாக்கள், அவற்றில் ப்ரெஸ்னோ விழா மிகப் பெரியது. மற்றொன்று ஜூலை 4ஆம் தேதியை ஒட்டிச் செயின்ட் பாலில் நடக்கும் கால்பந்து விழா. இயக்குநரே கடை போட்டு உட்கார்ந்து, வாங்குகிறவரின் கையில் படத்தைக் கொடுப்பார். சிலர் திரையரங்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டைத் தாங்களே விற்று, நகரம் நகரமாகப் படத்தைக் கொண்டுபோனார்கள்.

கெடுத்தது பிரதி எடுக்கும் பழக்கம். ஒரு குடும்பம் வாங்கினால் மாமா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் பிரதி போய்விடும். இதை வெறும் திருட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எதையும் உறவுக்குள் பகிர்ந்துகொள்ளும் சமூகத்தில் படமும் அப்படித்தான் பகிரப்பட்டது. படத்தைப் பரப்பிய அந்த உறவு வலைதான் அதை எடுத்தவரைக் கடனிலும் தள்ளியது. யூடியூப் வந்தபின் கேசட் வணிகம் ஏறக்குறைய ஓய்ந்தது. ஆனால் இன்னொரு கதவு திறந்தது. முன்பு அமெரிக்காவில் இருந்தவர் ஆசியாவுக்குப் போய்ப் படம்பிடித்து அமெரிக்காவில் விற்றார். இப்போது லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் இருக்கும் மொங் இளைஞர்கள் தாங்களே எடுத்துத் தாங்களே ஏற்றுகிறார்கள். கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள்.

இந்தச் சமூகம் எவ்வளவு குறைந்த வசதியில் தனக்கான ஊடகத்தைக் கட்டிக்கொள்ளும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. ஊடக ஆய்வாளர் லோரி கிடோ லோபெஸ் அமெரிக்க மொங் ஊடகங்களைப் பற்றி 2021இல் எழுதிய நூலில், தொலைபேசிக் கான்பரன்ஸ் இணைப்பையே வானொலியாக மாற்றிக்கொண்டதை விவரிக்கிறார். ஓர் எண்ணை அழைத்தால் போதும், நிகழ்ச்சியைக் கேட்கலாம், பேசவும் செய்யலாம். கணினி வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். அதை நடத்தியவர்களில் பெண்கள் பலர். டப்பிங் கேசட்டைக் கேட்ட அதே பாட்டிகள் இங்கே பேசவும் செய்தார்கள்.

திரையரங்கில் எழுந்த சிரிப்பு

மொங் என்ற பெயரையே பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2008இல் க்ளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'க்ரான் டொரினோ' படத்தில்தான். டெட்ராய்ட் நகரில் தனியாக வாழும் வெள்ளைக்கார முதியவர், பக்கத்து வீட்டு மொங் பையனைக் காப்பாற்றும் கதை. மொங் பாத்திரங்களுக்கு மொங் இளைஞர்களையே தேடிப் பிடித்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. படம் உலகெங்கும் சுமார் 27 கோடி டாலர் வசூலித்தது. சடங்குகளும் பழக்கங்களும் தவறாகக் காட்டப்பட்டன என்று மொங் மக்கள் பலர் குறை சொன்னார்கள். அதைவிட ஆழமான குறையைச் சொன்னவர் அந்தப் பையனாக நடித்த பீ வாங். படம் முழுக்க ஈஸ்ட்வுட்டின் பாத்திரம் ஆசியர்களை இழிசொற்களால் அழைக்கும். வெள்ளையர் நிறைந்த அரங்குகளில் அந்தச் சொற்களுக்குச் சிரிப்பு எழுந்தது தன்னைக் கலங்க வைத்ததை அவர் 2021இல் ஒரு கட்டுரையில் எழுதினார். கொரோனா காலத்தில் ஆசியர்கள் தெருவில் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

புதிதாக இந்தத் துறைக்குள் வருகிறவர் 'டாக்டர் டாம்' பார்த்த கூடத்தையும் இந்த அரங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் மொங் ஆண்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கூடத்தில் சிரித்தவர் மறுநாள் அந்த ஆணோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர். அரங்கில் சிரித்தவர் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்காக மொங் அல்லாதவர் மொங் வாழ்வைப் படமாக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வியட்நாமின் தாய் என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஹா லே யியெம், வடக்கு மலையில் ஒரு மொங் சிறுமியின் குடும்பத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகி, பெண்ணைக் கடத்திக்கொண்டுபோய் மணக்கும் வழக்கத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2021இல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் இயக்கத்துக்கான விருதைப் பெற்றது. நெருங்கி வாழ்ந்து எடுத்த படம் அது. இருந்தாலும் அது உலகப் பார்வையாளருக்காக எடுக்கப்பட்டது என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இன்று அமெரிக்காவில் மொங் இயக்குநர்கள் முன்னால் நிற்கும் சிக்கல் முன்பு இருந்ததற்கு நேர் எதிரானது. பாட்டிக்கு ஆங்கிலம் புரியாது என்று தொடங்கிய சினிமா, பேத்திக்கு மொங் சரியாகப் புரியாது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. பள்ளி, நண்பர்கள், கனவு எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் தலைமுறை. காங் வாங் 2016இல் எடுத்த '1985' என்ற படம் செயின்ட் பாலில் வளர்ந்த மொங் சிறுவர்களின் கதை. மலையும் வயலும் இல்லாத, அமெரிக்கத் தெருவையே சொந்த ஊராகக் கொண்ட மொங் வாழ்வு. ப்ரெஸ்னோவைச் சேர்ந்த ஏபெல் வாங், பர்லி வாங் சகோதரர்கள் எல்லாருக்குமான ஆங்கிலப் பேய்ப்படம் எடுத்தார்கள். 'க்ரான் டொரினோ'வில் நடித்த டுவா மோவா, மொங் குடும்பக் கதை ஒன்றைத் தானே எழுதிப் படமாக்க வைத்தார். யாரை நோக்கிப் பேசுவது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தனக்கென ஒரு விடையைத் தேடிக்கொள்கிறார்கள். முழுக்க மொங் மொழியில் எடுத்தால் பேத்தி எழுந்து போய்விடுவாள், ஆங்கிலத்தில் எடுத்தால் பாட்டி தூங்கிவிடுவார். பலர் மொங் பேச்சுக்குக் கீழே ஆங்கில சப்டைட்டில் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

சமாளிக்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. 'கு ட்சியா' என்பது மொங் மக்களின் பாட்டு மரபு. காதலன் காதலியிடமும், அகதி தன் ஊரிடமும், அநாதை தன் விதியிடமும் அதில்தான் பேசுவார்கள். பாடல் இணை இணையாக வரும். முதல் பகுதியில் சொன்னதையே இரண்டாம் பகுதி வேறு எதுகைச் சொற்களில் திரும்பச் சொல்லும், சொல் மாறும்போது பொருளில் ஒரு புது நிழல் விழும். பழைய சொற்கள், உவமைகள், தொனியோடு பின்னிய இசை. படத்தில் நாயகி மலைச்சரிவில் நின்று இதைப் பாடத் தொடங்கும்போது, கீழே ஓடும் ஆங்கில வரி இரண்டு மூன்று சொற்களில் சுருங்கிவிடுகிறது. பாட்டியின் கண் நிறைந்திருக்கும். அப்போது பேத்தி படத்தை நிறுத்திவிட்டு, அவள் என்ன பாடினாள் என்று பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.